குசும்பு வழித் தலைமை

போடியில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. ஏலக்காய்க்குப் பஞ்சம் வந்ததுண்டு. தலைவர்களுக்குப் பஞ்சம் வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்தால் அதில் மூன்று பேர் ஏதாவது ஒன்றுக்குத் தலைவர். மிச்சமுள்ளவர் முன்னாள் தலைவர். இருந்தும் டெல்லியில் யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்து, போடி வட்டாரத்தில் தலைமைப் பண்பு அறுபத்து மூன்று சதவீதம் குறைவு என்று கண்டுபிடித்துவிட்டார். எதைவிடக் குறைவு என்று அந்த அறிக்கையில் இல்லை.

குறைவு என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? ஒளிச்சாரல் அறக்கட்டளை போடியில் வந்து இறங்கியது. 'சமூகக் கலைகள் வழித் தலைமைத்திறன் மற்றும் தன்னம்பிக்கை மேம்பாட்டுத் திட்டம்' என்று பேனரில் பெயரை எழுதி முடித்தபோது தேதி எழுத இடமில்லை. அதனால் திட்டம் என்றைக்குத் தொடங்கியது என்பதில் இன்றுவரை இரண்டு கருத்து உண்டு.

பயனாளிகள் வேண்டுமே. ராசிங்காபுரத்திலிருந்து தினமும் பாண்டியின் ஜீப்பில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பதினான்கு பெண்களையும் மொத்தமாக எடுத்துக்கொண்டார்கள். ஞாயிறு மதியம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு. வருகிறவர்களுக்கு முட்டையோடு பிரியாணி. தன்னம்பிக்கைக்கு வராதவர்கள் முட்டைக்கு வந்தார்கள்.

சந்திரவல்லி அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. வயது முப்பத்தொன்பது. ஜீப்பில் டிரைவர் பாண்டிக்குப் பக்கத்து முன்சீட்டு அவளுடையது. பெருமைக்காகக் கொடுத்த இடம் என்று நினைத்துவிட வேண்டாம். போடிமெட்டுப் பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. பின்னால் உட்கார்ந்தால் அவளுக்கு ஐந்தாவது வளைவில் குமட்டும், எட்டாவதில் வந்துவிடும். ஒரு தடவை கூட வேலை பார்க்கும் தேவியின் புதுச் சீலையிலேயே வந்துவிட்டது. அன்றைக்கு மற்ற பதிமூன்று பேரும் ஒருமனதாக அவளை முன்னால் அனுப்பினார்கள். இந்த வட்டாரத்தில் தகராறு இல்லாமல் நடந்த தேர்தல் அது ஒன்றுதான் என்று பாண்டி சொல்வான்.

அவள் பிறந்தது மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்து எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். வாக்கப்பட்டுத்தான் ராசிங்காபுரத்துக்கு இறங்கினாள். இருபது வருசம் ஆகியும் வாயில் மலைப்பேச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது. அதில் ஒரு சொல் குசும்பு. நம் பக்கத்தில் குசும்பு என்றால் கேலி, சேட்டை, வேண்டுமென்றே வம்பு வளர்ப்பது. அந்தப் பக்கம் மலையாளத்தில் குசும்பு என்றால் பொறாமை. அடுத்தவள் நன்றாக இருப்பதைப் பார்த்து வயிறு எரிவது. பதினேழு வளைவுக்குள் சொல்லுக்கு அர்த்தம் மாறிவிடுகிறது. ஹாரன் அடிக்கச் சொல்லி வளைவுக்கு வளைவு பலகை இருக்கிறது; இதற்கு ஒரு பலகையும் இல்லை.

அந்த மலைக்குசும்பு சந்திரவல்லிக்கு நிறையவே உண்டு. பக்கத்து வீட்டுக் குழாயில் ஒரு குடம் கூடுதலாக வந்தால் இவளுக்குச் சோறு இறங்காது. அந்தப் பக்கத்து வீடு கிருபாராணியுடையது. இவளைவிட மூன்று வயது மூத்தவள், அதே ஜீப்பு, அதே தோட்டம். ஏலச்செடியில் காய் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து மண்ணோடு படரும் சரத்தில்தான் காய்க்கும். மண்ணில் குந்தி, தலையைச் செடிக்குள் விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஒரு செடிக்கு இரண்டு பேர். இவள் ஒரு பக்கம், கிருபாராணி எதிர்ப்பக்கம். இலை மறைப்பதால் முகம் தெரியாது, குரல் மட்டும் வரும். பன்னிரண்டு வருசமாக இப்படித்தான். முகம் தெரியாததால் எதையும் சொல்ல முடிந்தது.

"யக்கா, ஒன் மேல எனக்குக் குசும்பா இருக்கு."

"இன்னைக்கு என்னத்துக்கு?"

"ஒன் மகளுக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருச்சுல்ல. என் மக இன்னும் பெயிலான பரீச்சையவே எழுதிக்கிட்டிருக்கா."

"சரி, சொல்லிட்டேல்ல. காய எடு."

அவ்வளவுதான். சொல்லிவிட்டால் சந்திரவல்லிக்கு வயிறு ஆறிவிடும், மத்தியானம் இரண்டு பேரும் ஒரே தூக்குவாளியில் சாப்பிடுவார்கள். கீழ்ப்பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு மலை அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் கிருபாராணி. புருசன் மொக்கச்சாமிகூட, இருபது வருசம் குடும்பம் நடத்தியும், அவள் குசும்பா இருக்கு என்றால் பல்லைக் காட்டிச் சிரிக்கிறவன்தான். ஒரே ஒரு குறை சந்திரவல்லிக்கு உண்டு. இத்தனை வருசத்தில் கிருபாராணி ஒரு தடவைகூட அந்தச் சொல்லைத் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லும்படி இவளிடம் என்ன இருந்தது? அதை நினைத்தும் இவளுக்கு வயிறு எரியும்.

முதல் வகுப்பில் திட்ட இயக்குநர் லிங்கேஸ்வரன் பேசினார். கதர் ஜிப்பா. கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் அவர் கழுத்தில் அட்டையோடு நிற்கும் படம்.

"அன்புத் தலைவிகளே! நீங்கள் தலைவிகள் என்பது உங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் எங்களுக்குச் சம்பளம். போன மாவட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு தலைவர்களை உருவாக்கினோம். இப்போது அங்கே நாற்காலி எடுத்துப் போடக்கூட ஒரு ஆள் கிடையாது. அவ்வளவு பெரிய வெற்றி!"

கைதட்டலுக்காக நிறுத்தினார். யாரும் தட்டவில்லை. மதிப்பீட்டாளர் வித்யா தட்டினாள். சென்னையிலிருந்து வந்த பெண். கையில் எந்நேரமும் ஒரு டேப்லெட். அது டேப்லெட் என்று கேள்விப்பட்டதும் தேவி தலைவலிக்கு ஒன்று கேட்டாள். அதையும் வித்யா அதிலேயே குறித்துக்கொண்டாள்.

அடுத்து கலை. எல்லாரும் கண்ணை மூடி மரமாக மாற வேண்டும் என்றார் இயக்குநர். ஆறு நாள் செடிக்கடியில் கிடந்துவிட்டு ஏழாவது நாள் செடியாகவே நிற்பதில் என்ன மேம்பாடு என்று யாரும் கேட்கவில்லை. பிரியாணி இன்னும் வந்திருக்கவில்லை. கிருபாராணி இரண்டு கையையும் உயர்த்தி, கண்ணை மூடி, மெல்ல அசைந்தாள். காலையில்தான் வேதக்கோயிலில் ஆராதனைக்கு அப்படி நின்றுவிட்டு வந்திருந்தாள். பழக்கம்.

"சார், எந்த மரம்?" என்று கேட்டாள் சந்திரவல்லி.

"உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது எதுவோ அது."

அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஏலச்செடி. அதிலும் அடித்தூர். தரையில் குந்தி, இரண்டு கையையும் சரம் படர்கிற மாதிரி சிமெண்டுத் தரையில் பரப்பினாள். வித்யா அவளைச் சுற்றி வந்து பார்த்து, 'மேல்நோக்கிய பார்வை இல்லை' என்று எழுதினாள்.

"டீச்சர், ஏலம் காய்க்கிறது கீழதான். மேல பாத்தா வெறும் எலதான் இருக்கும்."

"விளைச்சல் வேறங்க, விஷன் வேற" என்றாள் வித்யா.

கிருபாராணி தலைவியானாள். சட்டைப்பையில் குத்துகிற பேட்ஜ் ஒன்று கொடுத்தார்கள். சீலைக்குப் பை இல்லாததால் தோளில் குத்திக்கொண்டாள். 'வளரும் தலைவி' என்று அதில் இருந்தது. ஒரு மைக்கும் கொடுத்தார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கை. தலைவி எப்போதும் முன்னிலையில் இருக்க வேண்டும். உறுப்பினர்களோடு தலைமை இடைவெளி காக்க வேண்டும். உறுப்பினர்கள் தங்கள் கருத்தைத் தலைவியிடம் நேரடியாகச் சொல்லக் கூடாது, மதிப்பீட்டாளர் வழியாகவே சொல்ல வேண்டும்.

பாண்டி அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் படித்தான். "முன்னிலைன்னா முன்சீட்டுதானத்தா. கவர்மெண்டு சோலி, நமக்கு எதுக்கு வம்பு?"

"எனக்கு வாந்தி வருமேண்ணே!"

"அதுக்கு சுத்தறிக்கையில ஒண்ணும் போடலையே."

மறுநாள் காலையில் கிருபாராணி முன்னால் ஏறினாள். ஏறும்போது சந்திரவல்லியின் முகத்தைப் பார்க்கவில்லை. சந்திரவல்லி பின்னால் தார்ப்பாயைத் தூக்கித் தலையை வெளியே விட்டபடி வந்தாள். ஐந்தாவது வளைவில் வயிற்றிலிருந்து ஒன்று எழும்பியது. வாந்தியா பொறாமையா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. எட்டாவது வளைவில் பாதி வெளியே வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது.

தோட்டத்தில் அவள் செடிக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. தலைமை இடைவெளிக்காகக் கிருபாராணி இரண்டு செடி தள்ளிக் குந்தியிருந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

இலைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. "கருத்துன்னா டீச்சர்ட்டதான் சொல்லணுமாம் புள்ள. எங்கிட்டச் சொன்னா பேட்ஜப் புடுங்கிருவாகளாம். கோவிச்சுக்காத."

பன்னிரண்டு வருசத்தில் முதல் தடவையாகச் சந்திரவல்லியின் பொறாமை அவள் வயிற்றிலேயே ராத்தங்கியது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். காய் எடுக்கிற கை ஓடவில்லை. தினமும் எடுக்கிறதில் பாதிகூட எடை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வித்யாவிடம் போய் நின்றாள். சட்டப்படி.

"உங்க குழுத் தலைவியைப் பத்தி என்ன ஃபீல் பண்றீங்க?" வித்யா டேப்லெட்டைப் பார்த்துப் படித்தாள்.

"குசும்பா இருக்கு டீச்சர்."

வித்யா நிமிர்ந்தாள். அந்த மண்டபத்துக்கு வந்ததிலிருந்து அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள எவ்வளவு குசும்பு?"

"பத்துக்கு மேல போட முடியுமா?"

"ஐயோ, செம!"

"சிரிக்காதீங்க டீச்சர். சோறு இறங்கல எனக்கு. வயித்தெரிச்சலு. பொறாம."

வித்யாவின் முகம் மாறியது. கையேட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். "அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாதுங்க. நெகட்டிவ்." பக்கம் முழுக்கத் தவிர்க்க வேண்டிய சொற்களும் அவற்றுக்கு மாற்றுச் சொற்களும் இருந்தன. பொறாமைக்குப் பதில் 'பிறர் உயர்வில் ஊக்கம் பெறுதல்' என்று சொல்ல வேண்டும். கூலிக்குப் பதில் 'உழைப்பின் மகிழ்வு'. வாந்திகூட இருந்தது, 'உள்ளார்ந்த வெளிப்பாடு'. "குசும்பு இதுல இல்ல. அதனால அதைத் தாராளமா சொல்லலாம்" என்றாள் வித்யா. பொறாமை என்ற பெட்டி டேப்லெட்டிலும் இல்லை. 'நகைச்சுவை உணர்வு' என்ற பெட்டியில் பத்து போட்டாள்.

அந்தப் பத்து எங்கெங்கோ போனது. அடுத்த வாரம் லிங்கேஸ்வரன் மேடையில் துள்ளிக்கொண்டு ஏறினார்.

"தலைவிகளே! உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். போன ஆண்டு எங்கள் கருப்பொருள் கண்ணீர். போன இடமெல்லாம் மக்களை அழவைத்து வீடியோ எடுத்தோம். நிதி தருகிறவர்களுக்கு அழுகை அலுத்துவிட்டது. இந்த ஆண்டு சிரிப்பு வேண்டும் என்கிறார்கள். எங்கே போய்த் தேடுவேன் என்று நான் தூங்காமல் கிடந்தபோது, நம் சந்திரவல்லி தன் தலைவியை நினைத்தாலே குசும்பு வருகிறது என்று சொல்லியிருக்கிறார்! இனி நம் பாதை, குசும்பு வழித் தலைமை!"

சந்திரவல்லி எழுந்தாள். "சார், அது சிரிக்கிற குசும்பு இல்ல. மலையில வேற அர்த்தம். என் வயிறு எரியுது சார்."

"பார்த்தீர்களா!" என்றார் இயக்குநர். "முகத்தை எப்படி வைத்துக்கொண்டு சொல்கிறார் பாருங்கள்! துளி சிரிப்பு இல்லை. இதுதான் உயர்ந்த குசும்பு."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் என்ன விளக்கினாலும் அது இன்னொரு குசும்பாகப் பதிவானது. கடைசியில் வாயை மூடிக்கொண்டாள். அதற்கு, 'மௌனக் குசும்பு' என்று தனிமதிப்பெண் போட்டார்கள்.

பயிற்சிகள் மாறின. இயக்குநர் "குசும்பு!" என்று கூவினால், தலைவி கிருபாராணி கையை உயர்த்த வேண்டும், உடனே எல்லாரும் "ஹா, ஹா, ஹா" என்று மூன்று தடவை சிரிக்க வேண்டும். இரண்டு தடவை சிரித்தால் ஒத்துழைப்புக் குறைவு. நாலு தடவை சிரித்தால் கட்டுப்பாடு குறைவு. வீட்டுப்பாடமும் உண்டு. தினம் மூன்று குசும்பு செய்து நோட்டில் எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஏலக்காய் குடோனில் லோடு ஏற்றிவிட்டு இடுப்பு ஒடிந்து வருகிற மொக்கச்சாமி, நோட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். தேவி வீட்டுப்பாடத்தைச் சிரத்தையாகச் செய்கிறவள். தோட்டத்து சூப்பர்வைசரின் குடையில் ஏழு ஓட்டை போட்டாள். புரட்டாசி மழை. நனைந்துபோன அவர் இரண்டு நாள் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அழுதுகொண்டு வந்த தேவியைப் பற்றி அறிக்கையில், 'உழைப்பின் மகிழ்வில் ஏற்பட்ட இடைவெளியை நகைச்சுவையுடன் எதிர்கொண்டார்' என்று எழுதப்பட்டது.

இப்படி இரண்டு மாசம். கிருபாராணி முன்சீட்டில் போனாள், வந்தாள். மைக்கில் பேசினாள். அவளுக்கு நல்ல குரல். போடியில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழாவுக்குக்கூடத் தலைவி என்று கூப்பிட்டு ஒரு குத்துவிளக்கின் ஐந்தாவது திரியை ஏற்ற விட்டார்கள். அந்தப் படத்தைத் தேவி போனில் கொண்டுவந்து காட்டியபோது சந்திரவல்லி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கிருபாராணி கட்டியிருந்தது இரவல் சீலையாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். சொந்தச் சீலைதான். அன்றைக்கு முழுக்க அவள் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சொல்ல வேண்டும். கிருபாராணியின் முகத்துக்கு நேராக ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆறிவிடும், ஆறினால் பழைய கிருபாக்கா திரும்பிவிடுவாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். டெல்லி அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஆனால் டெல்லி வந்தது.

திட்டத்தின் நிறைவாகக் கலைவிழா. சிறந்த தலைவி ஒருவரை விமானத்தில் டெல்லிக்கு அழைத்துப் போவார்கள் என்று அறிவிப்பு. விழாவுக்கு நிதியாளர் சார்பில் ஒரு அம்மாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். தமிழ் தெரியாது. வித்யா அவர் காதில் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். மண்டபம் நிறைய ஆட்கள். முட்டை எல்லாருக்கும் உண்டு என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நிகழ்ச்சி 'குசும்பு நேரம்'. சந்திரவல்லி மேடை நடுவில் நின்று பேச வேண்டும். அவள் அந்தச் சொல்லைச் சொல்லும்போதெல்லாம் கிருபாராணி கையை உயர்த்திக் கூட்டத்தைச் சிரிக்கவைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு முழ இடைவெளி. இரண்டு மாசத்தில் கிருபாராணி இவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. சந்திரவல்லி கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"யக்கா. ஒன் மேல எனக்குக் குசும்பா இருக்கு."

கூட்டம் சிரித்தது.

"நீ முன்சீட்டுல போற. நான் பின்னால தார்ப்பாய்க்கு வெளிய தலைய விட்டு வாந்தி எடுக்கறேன்."

முன்வரிசை அம்மாள் வித்யா சொல்லி முடித்ததும் கைதட்டினார்.

"செடிக்கு எதுத்த பக்கம் ஆளில்ல. நான் பேசுனா எலதான் கேக்குது. ஒன் மைக்கு சத்தம் எங்க கேட்டாலும் எனக்கு நெஞ்சு அடைக்குது. போன வாரம் அந்த மைக்கு ஒயர் தடுக்கி நீ விழுந்துரணும்னு நெனச்சேன். நெசமாவே நெனச்சேன்க்கா. பல்லு ஒடையணும்னு நெனச்சேன். நெனச்சிட்டு வீட்டுக்குப் போயி அழுதேன். தாங்க முடியல. இந்தக் குசும்பு என்னயத் திங்குது."

அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கூட்டத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கொட்டியது. மொக்கச்சாமி நாற்காலியில் தொடையைத் தட்டிச் சிரித்தான். பாண்டி விசிலடித்தான். லிங்கேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் கேமராக்காரனை நெருங்கிப் போகச் சொன்னார்.

கிருபாராணியின் கை உயரவில்லை. மைக்கைக் கீழே இறக்கி, சந்திரவல்லியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை. "கையத் தூக்குங்க, கையத் தூக்குங்க" என்று வித்யா கீழேயிருந்து சைகை காட்டினாள். அவள் அசையவில்லை. அந்த ஒரு முகத்தைப் பார்த்ததும் சந்திரவல்லிக்கு இரண்டு மாச எரிச்சலும் இறங்கியது. கேட்டுவிட்டாள். போதும்.

முடிவை இயக்குநர் அறிவித்தார். "கிருபாராணி அவர்கள் மிக நல்ல தலைவி. ஆனால் கூட்டமே சிரிக்கும்போது அவர் சிரிக்கவில்லை. கூட்டம் போகிற பக்கம் போகத் தெரியாதவர் எப்படித் தலைவராக இருக்க முடியும்? நான் இந்தப் பதவிக்கு எப்படி வந்தேன் என்று நினைக்கிறீர்கள்?" கிருபாராணியின் தோளிலிருந்த பேட்ஜை மேடையிலேயே கழற்றிச் சந்திரவல்லிக்குக் குத்தினார்கள். டெல்லியும் அவளுக்குத்தான்.

சந்திரவல்லிக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? கிருபாக்கா தோற்றது தனக்காக என்று தெரிந்தும் சந்தோசமாக இருந்தது. மைக் கையில் வந்ததும் அது எதிர்பார்த்ததைவிட லேசாக இருப்பதைக் கவனித்தாள்.

பத்து நாள் டெல்லித் தயாரிப்பு. மண்டபத்தில் அவள் ஒருத்தி, எதிரே இயக்குநர். அவர் "குசும்பு!" என்பார். அவள் கையை உயர்த்தி "ஹா, ஹா, ஹா" என்பாள். காலையில் இருநூறு, மாலையில் இருநூறு. "யோசிக்கக் கூடாது" என்பார் லிங்கேஸ்வரன். "யோசித்தால் தாமதமாகும். டெல்லியில் நமக்கு மூன்று நிமிடம்தான்." எட்டாவது நாள் அவள் யோசிப்பதை நிறுத்தியிருந்தாள். சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் யாரோ குசும்பு என்று சொல்ல, கரண்டியோடு கையைத் தூக்கினாள். மொக்கச்சாமி பயந்து தட்டை நகர்த்திக்கொண்டான்.

டெல்லிக்குப் போக இன்னும் ஒரு வாரம் இருந்தது. அதுவரை கூலியை விடுவானேன் என்று வேலைக்குக் கிளம்பினாள். முன்சீட்டைப் பாண்டி துடைத்து வைத்திருந்தான். "தலைவி வாங்க, வெரசா ஏறுங்க" என்றான். குமட்டலே இல்லாமல் பதினேழு வளைவும் போனது. பின்னால் கிருபாராணி தேவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

தோட்டத்தில் சந்திரவல்லி தன் செடியில் தலையை விட்டுக் குந்தினாள். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் சருகு நொறுங்கியது. கூடை வைக்கும் சத்தம். தலைமை இடைவெளி எல்லாம் தெரிந்தும் கிருபாக்கா வந்து குந்தியிருக்கிறாள். சந்திரவல்லிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. கை விறுவிறுவென்று காய் எடுத்தது.

பிறகு இலைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது. மெதுவாக, வெட்கப்பட்ட குரல்.

"சந்திரா. எனக்கு ஒன் மேல குசும்பா இருக்கு புள்ள."

"ஹா! ஹா! ஹா!"

கை உயர்ந்திருந்தது. மூன்று தடவை, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூன்றாவது ஹா வாயை விட்டுப் போன பிறகுதான், தான் கேட்டது என்ன என்று அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருசமாக அந்த ஒரு வார்த்தையை அந்த ஒரு ஆள் வாயிலிருந்து கேட்கக் காத்திருந்தவள் அவள்.

"யக்கா, இல்லக்கா! அது தானா வந்துருச்சு. பத்து நாளாப் பழக்கிட்டாய்ங்க. நீ சொல்லு, நான் கேக்குறேன். எம் மேல என்னத்துக்கு? ஏரோப்ளேனுக்கா? யக்கா, சொல்லுக்கா."

"ஒண்ணுமில்ல ஆத்தா" என்றாள் கிருபாராணி. "நீ சிரி."

கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சருகில் அவள் கால் போகும் சத்தம் நாலு செடி தூரம் கேட்டது. அங்கே தேவி இருந்தாள். "கொஞ்சம் நகந்துக்க தேவி" என்று கிருபாராணி சொன்னது தெளிவாகக் கேட்டது. அப்புறம் பேசியதெல்லாம் முணுமுணுப்பாகத்தான் வந்தது. ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. நடுவில் ஒரு தடவை தேவி "அப்படியாக்கா!" என்றாள்.

தேவி மேல் சந்திரவல்லிக்கு வயிறு பற்றி எரிந்தது. சீலை, நர்சிங் சீட்டு, மைக்கு எதற்கும் இப்படி எரிந்ததில்லை. அதைச் சொல்ல எதிர்ப்பக்கம் ஆளில்லை. சாயங்காலம் கூடையைத் தூக்கிக்கொண்டு எடை போடப் போனாள். முன்சீட்டில் ஏறி வீட்டுக்கு வந்தாள்.